முற்றல் கீரை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் ஈரச் சாக்கின் மேல் கீரைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டு ஆயா ஒருவர் உட்கார்ந்துவிடுவார். செங்குன்றம், சோழவரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கீரை அது. அதே இடத்தில் அவருடைய மாமியார் கடை போட்டிருந்த காலத்தில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. கீரைத் தண்டை நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும்; பட்டென்று ஒடிந்தால் இளசு, நார் இழுத்துக்கொண்டு வந்தால் முற்றல். முற்றலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அன்று முழுவதும் பேச்சு கேட்க வேண்டியிருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கும்படி ஆகிவிட்டது. எங்கள் மொட்டைமாடியில் வாழும் இரண்டு ஆமைகள்தான் அதற்குக் காரணம்.

“எல்லாரும் இளசா குடுன்றாங்க, நீ இன்னா தம்பி முத்தலா கேக்குற?” என்று ஆயா முதல் நாள் கேட்டபோது, ஆமைக்கு என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, முயலுக்கு என்று பொய் சொல்லிவிட்டேன்.

ஆமைகள் வந்த கதை சுருக்கமானது. சித்தப்பா மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, தான் வளர்த்துக்கொண்டிருந்த இரண்டு சுல்கட்டா இனத் தரை ஆமைகளை எங்கள் பொறுப்பில் விட்டுச் சென்றான். ஒன்று ஆறு கிலோவும் மற்றொன்று ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தன. அதனால் அவற்றுக்குப் பெரியவர், சின்னவர் என்ற பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ஜப்திக்கு வரும் அமீனா இதுவரை வரவில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆமை வளர்க்கிறேன் என்று சொன்னாலே நம்மூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரியும் நம் நாட்டு நட்சத்திர ஆமைதான். அதை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019இல் பன்னாட்டு வணிகத்துக்கும் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. ஆசையாக இருக்கிறது என்று யாரிடமாவது வாங்கிவிட வேண்டாம். எங்களிடம் இருப்பவை ஆப்பிரிக்க இனம். இவற்றையும் ஏதோ நாய்க்குட்டியைப்போல் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். எங்களுடையவை பதிவு செய்யப்பட்டவை.

தமிழில் தண்ணீரில் வாழ்வதும் தரையில் வாழ்வதும் ஆமை என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், வீட்டுக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் தவறான ஆலோசனையையே கொடுக்கிறார்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருக்கும் சிவப்புக் காது ஆமையை மனத்தில் வைத்துக்கொண்டு, காய்ந்த இறாலைப் போடுங்கள், மீன் தீவனத்தைப் போடுங்கள் என்கிறார்கள். சுல்கட்டாவின் ஊரோ சகாராவின் தெற்கு விளிம்பு. செனகல் தொடங்கிக் கிழக்கே எத்தியோப்பியா, எரித்திரியா வரை நீளும் வறண்ட நிலத்தில், மண்ணைத் தோண்டி வளைக்குள் வெயிலைக் கழித்துவிட்டு, வெளியே வந்து புல்லையும் காய்ந்த சருகையும் மேய்கிற பிராணி அது. ஆட்டையும் மாட்டையும்போல, வயிற்றுக்குள் நுண்ணுயிர்களை வைத்துக்கொண்டு நாரைச் செரிக்கிறது. ஒரு வேறுபாடு என்னவென்றால், மாட்டுக்கு அந்த வேலை இரைப்பையில் நடக்கிறது, ஆமைக்குப் பெருங்குடலில் நடக்கிறது. தின்ற இலை வெளியே வருவதற்கு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூட ஆகும். அந்த நுண்ணுயிர்களுக்கு வேண்டியது நார். இளங்கீரையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. முதல் இரண்டு மாதங்கள், சம்பந்தி வீட்டாரை உபசரிப்பதுபோல் வெள்ளரிக்காய், தக்காளி, வாழைப்பழம், கிள்ளினால் ஒடிகிற பாலக் என்று தட்டு நிறைய வைத்தேன். பெரியவர் வாழைப்பழத்தின் வாசனைக்கே மாடியின் மறு கோடியிலிருந்து ஓடி வருவார். ஆமை ஓடுவதைப் பார்த்த மகிழ்ச்சியில் நானும் இன்னொரு துண்டு வைப்பேன். மூன்றாவது வாரத்திலிருந்து சாணம் இளகிப் போய், நாற்றம் படிக்கட்டு வரை இறங்கியது. சின்னவரைக் குளிப்பாட்டும் தொட்டியில், வழக்கமாக வெண்மையாகக் குழைந்து வரும் கழிவு மணல்போல் நறநறவென்று வந்தது. ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்லப் பாதிப் பட்டியலை அடித்துவிட்டு, புல் எங்கே என்றார்.

மருத்துவர் சொன்னதில் முதன்மையானது கால்சியம், பாஸ்பரஸ் கணக்கு. ஓடும் எலும்பும் வளர்கிற ஆமைக்கு, உணவில் பாஸ்பரசைவிடக் கால்சியம் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய உணவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நூறு கிராம் வாழைப்பழத்தில் கால்சியம் 17 மில்லிகிராம், பாஸ்பரஸ் 36. வெள்ளரிக்காயில் 10க்கு 25. நான் உபசாரமாக வைத்த இரண்டுமே தலைகீழ். முருங்கைக்கீரையில் 440க்கு 70, அகத்திக்கீரையில் 1130க்கு 80. அகத்தியின் எண்ணைப் பார்த்ததும் நாளெல்லாம் அதையே போட்டுவிடலாம் என்று தோன்றியது; ஆனால் அதே வரியில் புரதம் எட்டு கிராமுக்கு மேல் என்று இருந்தது. பாலைவனப் புல்லுக்குப் பழகிய சிறுநீரகத்துக்கு அது கனமான விருந்து. புரதம் மிகுந்து, உடம்பில் நீரும் குறைந்தால், யூரிக் அமிலம் கெட்டிப்பட்டு மணலாகவும் பிறகு கல்லாகவும் மாறும். சின்னவரின் தொட்டியில் வந்த நறநறப்பும் பெரும்பாலும் அதுதான்; காய்கறியிலேயே தண்ணீர் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நான் அவரைப் போதுமான அளவு நீரில் வைக்கவில்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள், கழுத்துக்குக் கீழே நிற்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் உட்கார்கிறார்கள்.

அடுத்தது ஆக்சாலிக் அமிலம். கீரை தின்றபின் பல் கூசுவதுபோல் இருக்குமே, அதற்குக் காரணமானது. அது கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாதபடி அதைக் கட்டிப்போட்டுவிடும். எடைக் கணக்கில் 90 பங்கு அமிலம் 40 பங்கு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழைய பட்டியலில் பாலக்கில் கால்சியம் 73, ஆக்சாலிக் அமிலம் 658 என்று இருக்கிறது. 658 மில்லிகிராம் அமிலத்துக்கு 292 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். அதாவது பாலக் தன்னிடம் இருக்கும் கால்சியம் முழுவதையும் இழந்துவிட்டு, அடுத்த கீரையின் கால்சியத்துக்கும் கையை நீட்டுகிறது. முளைக்கீரையில் கால்சியம் 397, அமிலம் 772. அது 343ஐப் பிடித்துக்கொண்டு 54ஐ மிச்சம் விடுகிறது. உடம்பு இப்படிக் காகிதக் கணக்குப்படி நடந்துகொள்வதில்லை என்பது எனக்கும் தெரியும். அந்த அமிலத்தைச் சிதைக்கிற குடல் நுண்ணுயிர்களும் உண்டு. காட்டில் ஆமை தின்னும் செடிகளிலும் ஆக்சலேட் இருக்கத்தான் செய்கிறது. ஒரு வேளை பாலக் தின்றால் ஆமைக்கு எதுவும் ஆகிவிடாது. தினமும் அதையே போடுவதில்தான் சிக்கல். நாம் வேகவைத்து, நீரை வடித்தால் அமிலத்தில் ஒரு பகுதி போய்விடும். ஆமை பச்சையாகத் தின்கிறது.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றைப் பலரும் செய்வார்கள் என்று நினைப்பதால், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே கீரையைப் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நானும் மிகுந்த சிரத்தையோடு திங்கட்கிழமை சிறுகீரை, செவ்வாய்க்கிழமை அரைக்கீரை, புதன்கிழமை முளைக்கீரை, வியாழக்கிழமை தண்டுக்கீரை என்று கால அட்டவணை எழுதி, மாடிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், பள்ளித் திட்டத்துக்காகக் கீரைகளின் தாவரவியல் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் மாலை அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது நாலும் ஒண்ணுதான், எல்லாத்துக்கும் முதல் பேரு அமராந்தஸ்” என்றாள். அவள் சொன்னது சரி. நம் சமையலறையில் நான்கு ருசியாக, நான்கு பக்குவமாக இருப்பவை, ஆமையின் வயிற்றுக்கு ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பிகள். பொன்னாங்கண்ணியும் பாலக்கும்கூட அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த பங்காளிகள்தான். வேறு குடும்பத்தைச் சேர்ந்த பருப்புக்கீரையும் புளிச்சக்கீரையும்கூட அமிலம் மிகுந்தவைதான். கடையில் ஏழு விதமான கட்டுகள் இருந்தும், ஆமைக்காரனுக்குத் தேர்வு அவ்வளவு விரிவானதன்று.

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். இப்போது தட்டில் முக்கால் பங்கு புல். மிச்சக் கால் பங்கில்தான் கடைக்கீரை வருகிறது. முள்ளங்கி வாங்குகிறவர்கள் திருகிப் போட்டுவிட்டுப் போகிற சொரசொரப்பான இலை, முருங்கைக்கீரையில் முற்றிய இணுக்கு, எப்போதாவது வல்லாரை, கொத்தமல்லியின் அடித்தண்டு, மாடித் தொட்டியில் வளரும் செம்பருத்தியின் இலையும் பூவும் என்று அது நாளுக்கு நாள் மாறும். அரைக்கீரையும் முளைக்கீரையும் முற்றிலும் ஒதுக்கப்படவில்லை; பத்து நாளைக்கு ஒருமுறை வரும். முட்டைக்கோசும் காலிஃப்ளவர் இலையும் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கக்கூடியவை என்பதால், அவற்றையும் எப்போதாவதுதான் போடுகிறேன். மணத்தக்காளியைக் கிட்டவே விடுவதில்லை. பழம் கிடையாது. பெரியவர் இதற்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

புல்லுக்கு எங்கே போவது என்ற கேள்வி, வடசென்னையில் வாழ்கிறவனுக்கு நியாயமான கேள்வி. பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் வியாசர்பாடிப் பக்கத்துக் கால்வாய் ஓரத்திலும் இடுப்பளவுக்குப் புல் வளர்ந்து கிடக்கிறது. கழிவுநீரில் வளர்ந்த அதை அறுத்து வந்து போட எனக்குத் துணிவில்லை. மணலித் தொழிற்சாலைகளின் சுற்றுச்சுவர் ஓரப் புல்லும் அப்படித்தான். விடை பிள்ளையாரிடம் கிடைத்தது. சங்கடஹர சதுர்த்தியன்று கோயில் வாசலில் அறுகம்புல் கட்டுக் கட்டாக வந்து குவியும். அறுகு சுல்கட்டாவுக்கு மிகப் பொருத்தமான உணவு. நார் நிறைந்தது, புரதம் குறைவு, பல்லில்லாத அந்தக் கூரிய வாயால் கடித்து இழுத்துத் தின்பதற்குத் தோதானது. ஆனால் மாதத்துக்கு ஒரு சதுர்த்திதான் வருகிறது. அதனால், காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அறுகம்புல் சாறு விற்கும் வண்டிக்காரரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். அவர் தமக்கு வாங்கும்போதே எனக்கும் சேர்த்து ஒரு கட்டு வாங்கி வருகிறார். அகத்திக்கீரைக்கு அமாவாசை. பசுவுக்குக் கொடுப்பதற்காகக் கோயில் வாசலில் விற்கும் கட்டில் ஒன்றை வாங்கி, பாதியைப் பசுவுக்கும் பாதியை மாடிக்கும் கொடுத்துவிடுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை என்ற அளவு அகத்திக்குச் சரியாக இருக்கிறது. ஆக, சின்னவரும் பெரியவரும் எங்களைவிட ஒழுங்காகப் பஞ்சாங்கப்படி வாழ்கிறார்கள்.

கால்சியத்துக்குக் கடலோரத்தில் குடியிருப்பவன் மாத்திரை வாங்குவதில் அர்த்தமில்லை. காசிமேட்டில் ஓட்டுக் கணவாய் சுத்தம் செய்கிற பெண்களிடம் கேட்டால், உள்ளிருக்கும் வெண்ணிற ஓட்டைச் சும்மாவே கொடுப்பார்கள். ஊசிக் கணவாயில் இருப்பது கண்ணாடித் தாள் போன்ற சவ்வு, அது உதவாது. ஓட்டை நான்கு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றி, உப்பு போனபின் வெயிலில் காயவைத்தால், நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிரும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் விலைக்கு விற்பதும் இதுதான். வாரத்தில் இரண்டு நாள் கீரையின் மேல் ஒரு சிட்டிகை தூவுகிறேன். ஒரு முழு ஓட்டை மாடி மூலையிலும் போட்டு வைத்திருக்கிறேன், சின்னவர் தோன்றும்போது போய்க் கரண்டுவார். ஆனால் உள்ளே போன கால்சியம் எலும்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு நேரடி வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். இந்த ஒரு விஷயத்தில் சென்னையைக் குறை சொல்ல வழியில்லை. எங்களுக்கு இருக்கிற கவலையெல்லாம் பத்து மணிக்கு மேல் நிழல் கொடுப்பதுதான்; அதற்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருக்கிறோம்.

ஓட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லலாம். ஆமை ஓட்டின் சில்லுகள் தனித்தனிக் கூம்புகளாக எழும்புவதற்குப் புரதம்தான் காரணம் என்று வளர்ப்பவர்கள் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். இதே சுல்கட்டாக் குஞ்சுகளை வைத்துச் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வு, புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே அதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று காட்டியது. வறண்ட சூழலில் வளர்ந்த குஞ்சுகளுக்குக் கூம்பு அதிகம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழும் எங்கள் ஆமைகளின் ஓடு ஓரளவு வழவழப்பாக இருப்பதற்கு என் கவனத்தைவிட வங்காள விரிகுடாவுக்கே அதிகப் புண்ணியம் சேர வேண்டும்.

கீரைக்கார ஆயா ஊருக்குப் போகும் நாள்களில் குளிர்பதனக் கடைக்குப் போகிறேன். அங்கே கண்ணாடிபோல் மின்னும் பெட்டிகளில் ரோமைன் லெட்யூஸ், ஐஸ்பெர்க், கேல் எல்லாம் இருக்கின்றன. ஒரு சிறு பெட்டியின் விலைக்கு ஆயாவிடம் ஐந்தாறு கட்டு வாங்கலாம். பெரும்பாலானவற்றின் மேல் பேபி என்று எழுதியிருக்கிறது. அம்மாவின் இளசுதான் ஆங்கிலப் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. ஐஸ்பெர்க்கைத் தின்பது தண்ணீரைக் கடித்துத் தின்பதற்குச் சமம். ரோமைன் தேவலாம் என்றாலும் நார் போதாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: நிழலில் இரண்டு நாள் காயவைத்து எடுத்து வைத்திருக்கும் அறுகம்புல்லைக் கத்தரியால் அரை அங்குலத்துக்கு நறுக்கி, கழுவிய லெட்யூசின் ஈரத்தோடு பிசறிவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட புல்லை ஆமையால் பொறுக்கி ஒதுக்க முடியாது. முதல் வாரம் ஒரு பிடி, அடுத்த வாரம் இரண்டு பிடி என்று கூட்டிக்கொண்டே போனால், வாழைப்பழத்துக்குப் பழகிய வாய்கூட ஒன்றரை மாதத்தில் வெறும் காய்ந்த புல்லைத் தின்னும். பெரியவரை வழிக்குக் கொண்டுவந்தது இந்தப் பிசறல்தான்.

எந்தக் கீரையானாலும் மூன்று தண்ணீரில் அலசுகிறேன்; மண்ணுக்காகவும், தெளித்த பூச்சிமருந்துக்காகவும். அதைவிட முக்கியம் கட்டைப் பிரிக்கும்போது கையில் வருவதை எண்ணுவது. முன்பு வாழைநாரில் கட்டி வந்த கீரை, இப்போது பிளாஸ்டிக் நரம்பிலும் ரப்பர் வளையத்திலும் வருகிறது. ஒரு நாள் அவசரத்தில் நான் கவனிக்காமல் விட்ட சிவப்பு ரப்பர் வளையத்தைப் பெரியவர் முள்ளங்கி இலையோடு சேர்த்து விழுங்கிவிட்டார். ஆமைக்குச் சிவப்பு நிறத்தின் மேல் ஒரு மயக்கம் உண்டு. ஒன்பது நாள், சாணத்தைக் குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தோம். ஒன்பதாம் நாள் மாலையில் மகள் அதைக் கண்டுபிடித்து, மாடியிலிருந்து போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அத்தை அமீனா வந்துவிட்டான் என்றே நினைத்திருப்பார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாக் கணக்கும் கொஞ்சம் குலையும். தோட்டங்களில் தண்ணீர் நின்று கீரை அழுகும்; வருகிற கட்டு பாதியாகச் சிறுத்து, விலை இரட்டிக்கும். வெயில் இல்லாத நாள்களில் ஆமையின் உடம்பு சூடேறாது, சூடேறாவிட்டால் செரிமானம் நடக்காது. அப்போது தட்டை நிரப்பி வைப்பது வயிற்றுக்குள் புளிக்கவைப்பதாகும். மேகமூட்டம் மூன்று நாள் நீடித்தால் இருவரையும் படிக்கட்டுக்குக் கீழே உள்ள அறைக்குக் கொண்டுவந்து, விளக்குச் சூட்டில் வைத்து, தீனியைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். கோடையிலேயே காயவைத்துத் துணிப்பையில் தொங்கவிட்ட அறுகு அந்த வாரங்களில் கைகொடுக்கும். பூஞ்சணம் பிடித்த வாசனை துளி இருந்தாலும் அந்தப் பிடியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கீரைக்கட்டு வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து, பழைய வழக்கப்படி ஒவ்வொரு தண்டாகக் கிள்ளிப் பார்க்கிறார். ஒடிந்தது சமையலறைக்கு, நார் இழுத்தது மாடிக்கு. முயல் பொய்யை ஆயாவிடம் ஒப்புக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது. ஆமைக்கா, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று சிரித்துவிட்டு, அன்றிலிருந்து யாரும் வாங்காத முற்றலையும் முள்ளங்கி இலையையும் ஒரு கோணியில் தனியாகக் கட்டி வைக்கிறார். ஆறு மாதம் அதைச் சும்மாவே கொடுத்தார். பக்கத்துத் தெருவில் ஒருவர் முயல் வளர்க்கத் தொடங்கி, அவரும் முற்றல் கேட்டு வந்த பிறகு, கட்டு ஐந்து ரூபாய்.